மஸ்ட்டா, ஹேவ் டுவா, ஷுட்டா? 'வேண்டும்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லும் வழி

கேள்வி: அலுவலகத்தில் வாடிக்கையாளர்களுக்குத் தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறேன். 'வேண்டும்' என்றால் 'மஸ்ட்' என்றுதான் பள்ளியில் படித்தேன். போன வாரம் ஒரு வாடிக்கையாளருக்கு 'யூ மஸ்ட் ஸெண்ட் த ஃபைல்ஸ் டுடே' என்று எழுதினேன். மிரட்டுகிற மாதிரி இருக்கிறது என்று மேலாளர் கடிந்துகொண்டார். இரண்டு நாள் கழித்து, 'நாளைக்கு நீங்கள் வர வேண்டாம், வேலை முடிந்துவிட்டது' என்று சொல்ல நினைத்துச் சக ஊழியருக்கு 'யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ' என்று அனுப்பினேன். அவர் அதன் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. 'ஷுட் ஹேவ்', 'மஸ்ட் ஹேவ்' இரண்டிலும் எப்போதும் குழம்புகிறேன். பேசுபவரின் எண்ணம் என்றால் 'மஸ்ட்', வெளியிலிருந்து வரும் கட்டாயம் என்றால் 'ஹேவ் டு' என்று இலக்கணப் புத்தகத்தில் இருக்கிறது. அதை நம்பலாமா?

பதில்: நம்பலாம். ஆனால் அந்த ஒரு விதி உங்கள் இரண்டு மெயிலையும் காப்பாற்றியிருக்காது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: 'வேண்டும்' என்ற சொல்லுக்கு எதிரே ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதி வைத்துக்கொண்டது.

தமிழில் 'வேண்டும்' எத்தனை வேலை பார்க்கிறது என்று கவனியுங்கள். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்பது தேவை. 'நான் கிளம்பணும்' என்பது சூழ்நிலையின் நெருக்கடி. 'வரி கட்ட வேண்டும்' என்பது சட்டம். 'நீங்க கொஞ்சம் ஓய்வெடுக்கணும்' என்பது அக்கறை. 'இந்நேரம் அவர் ஊருக்குப் போயிருக்க வேண்டும்' என்பது வெறும் ஊகம். இவற்றுக்கிடையிலான வேறுபாட்டை நாம் குரலில் காட்டுகிறோம். 'கட்டாயம்', 'கொஞ்சம்' என்று ஒரு சொல் சேர்த்துக் காட்டுகிறோம். 'ங்க' போட்டு மென்மையாக்குகிறோம். ஆங்கிலம் இந்த வேலையில் பெரும்பகுதியைத் துணைவினையிடமே ஒப்படைத்துவிடுகிறது. அதனால் துணைவினையைத் தவறாக எடுத்தால், நீங்கள் எவ்வளவு பணிவான மனநிலையில் எழுதியிருந்தாலும் அது எதிரே இருப்பவரை எட்டாது.

உங்கள் சக ஊழியர் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் தொனிப் பிழை. இது பொருளையே புரட்டிப் போடும் பிழை. 'வேண்டும்' என்றால் 'மஸ்ட்', ஆகவே 'வேண்டாம்' என்றால் 'மஸ்ட் நாட்' என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். 'மஸ்ட் நாட்' என்றால் 'கூடாது'. அவர் படித்தது 'நாளைக்கு நீங்கள் இங்கே வரக் கூடாது' என்று. முகம் திருப்பிக்கொண்டதில் வியப்பில்லை.

ஏன் அப்படி ஆகிறது? 'நாட்' எதை மறுக்கிறது என்பதுதான் விடை. 'மஸ்ட் நாட் கம்' என்பதில் மறுக்கப்படுவது வருவது. கட்டாயம் அப்படியே நிற்கிறது. வராமல் இருப்பது கட்டாயம் என்று ஆகிவிடுகிறது. 'டோன்ட் ஹேவ் டு கம்' என்பதில் மறுக்கப்படுவது கட்டாயம். வருவதும் வராததும் அவர் விருப்பம். 'டோன்ட் நீட் டு', 'நீடன்ட்' இரண்டும் இதே பக்கம். 'ஷுடன்ட்' மட்டும் 'மஸ்ட் நாட்' பக்கம் சேரும்: செய்யாமல் இருப்பது நல்லது என்ற பொருள்.

இந்த வேறுபாடு தமிழனுக்குப் புதிதில்லை என்பதுதான் நல்ல செய்தி. 'வரக் கூடாது', 'வர வேண்டியதில்லை' என்று நாம் துல்லியமாகப் பிரித்தே வைத்திருக்கிறோம். காலை வாருவது 'வேண்டாம்' என்ற சொல் ஒன்றுதான். 'இங்கே வண்டியை நிறுத்த வேண்டாம்' என்ற பலகையில் அது தடை. 'பணம் கொடுக்க வேண்டாம், நானே கொடுத்துவிட்டேன்' என்பதில் அது விடுதலை. ஆகவே மனதில் 'வேண்டாம்' என்று தோன்றியதும் உடனே மொழிபெயர்க்காதீர்கள். அந்த இடத்தில் 'கூடாது' போட்டுப் பாருங்கள், பிறகு 'அவசியமில்லை' போட்டுப் பாருங்கள். 'கூடாது' பொருந்தினால் 'மஸ்ட் நாட்', அல்லது இன்னும் இயல்பாக 'ப்ளீஸ் டோன்ட்'. 'அவசியமில்லை' பொருந்தினால் 'டோன்ட் ஹேவ் டு'. இந்த ஒரே சோதனையைப் பழக்கமாக்கிக்கொண்டால் இந்தப் பகுதியில் உங்களுக்குப் பிழையே வராது.

காதில் கேட்கும்போதும் ஒரு சிக்கல் உண்டு. 'மஸ்ட் நாட்' சுருங்கும்போது முதல் 'ட்' ஒலி விழுந்து, ஏறக்குறைய 'மஸண்ட்' என்று ஒலிக்கும். வேகமான பேச்சில் அதன் கடைசி 'ட்' தெளிவாகக் கேட்காது. தொலைபேசியில் ஒருவர் 'செய்' என்றாரா 'செய்யாதே' என்றாரா என்று சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள், யூகிக்க வேண்டாம். இங்கே 'வேண்டாம்' என்று எழுதியது 'கூடாது' என்ற பொருளில்.

இனி உங்கள் விதிக்கு வருகிறேன். 'மஸ்ட்' சொன்னால் அந்தக் கட்டாயத்துக்குப் பின்னால் சொல்பவரே நிற்கிறார். 'ஹேவ் டு' சொன்னால் வேறு ஏதோ ஒன்று நிற்கிறது: விதி, நேரம், மருத்துவர், மேலாளர், சூழ்நிலை. 'ஐ மஸ்ட் கால் மை மதர்' என்றால் பேச வேண்டும் என்று எனக்கே உறுத்துகிறது. 'ஐ ஹேவ் டு கால் மை மதர்' என்றால் அவர் கூப்பிடச் சொல்லியிருக்கலாம், அல்லது ஒரு வேலை இருக்கிறது. 'ஐ' என்ற எழுவாயோடு வரும்போது இரண்டில் எதைச் சொன்னாலும் பெரிய சேதமில்லை. எழுவாய் 'யூ' ஆனதும் நிலைமை மாறுகிறது. 'யூ மஸ்ட்' என்றால், உங்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் எனக்கு இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. வாடிக்கையாளரிடம் அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை. மேலாளருக்கு உறுத்தியது இதுதான்.

விருந்தோம்பலில் இதே 'யூ மஸ்ட்' இனிக்கும். 'யூ மஸ்ட் கம் அண்ட் ஸ்டே வித் அஸ்' என்றால் 'கட்டாயம் வந்து தங்கணும், சொல்லிட்டேன்' என்ற அன்புக் கட்டளை. கேட்பவருக்கு நன்மை இருந்தால் அழுத்தம் அன்பாகிறது. சொல்பவருக்கு நன்மை இருந்தால் அதே அழுத்தம் அதட்டலாகிறது. இலக்கணப் புத்தகங்கள் இதை ஓரமாகத்தான் சொல்கின்றன. அன்றாடப் புழக்கத்தில் இதற்குத்தான் அதிக மதிப்பு.

எழுதப்பட்ட விதிகளிலும் அறிவிப்புகளிலும் 'மஸ்ட்' எந்த உறுத்தலும் தராது. 'ஆல் விஸிட்டர்ஸ் மஸ்ட் ஸைன் இன்' என்ற பலகையில் பேசுவது தனிமனிதர் இல்லை, நிறுவனம். பேச்சில் 'மஸ்ட்' குறைந்துகொண்டே வருகிறது. 1961-ல் அச்சான பிரிட்டிஷ் ஆங்கிலத்தையும் 1991-ல் அச்சானதையும் தலா 10 லட்சம் சொற்கள் வீதம் தொகுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். எழுத்திலேயே 'மஸ்ட்' கணிசமாகச் சரிந்திருந்தது. அந்த இடத்தை 'ஹேவ் டு', 'நீட் டு' ஆகியவை எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே பேச்சில் எதைப் போடுவது என்று தயங்கினால் 'ஹேவ் டு' போடுங்கள், அரிதாகத்தான் தவறாகும். அதை 'ஹாஃப் டு' என்று உச்சரியுங்கள். 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என்று எண்ணிக்கை சொல்லும்போது 'வ்' ஒலி தெளிவாக நிற்கும். கட்டாயத்தைச் சொல்லும் 'ஹேவ் டு'வில் பின்னால் வரும் 'ட்' காரணமாக அது 'ஃப்' ஆகிவிடும். 'ஹேஸ் டு'வும் அப்படித்தான் 'ஹேஸ்' என்பதன் கடைசி ஒலி கூர்மையாகி வரும்.

சரி, வாடிக்கையாளருக்கு எப்படி எழுதியிருக்கலாம்? 'மஸ்ட்' எடுத்துவிட்டு 'ஷுட்' போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 'யூ ஷுட் ஸெண்ட் த ஃபைல்ஸ் டுடே' என்றால் 'இன்று அனுப்புவதுதான் உங்களுக்கு அழகு' என்று புத்தி சொல்வது போலாகும். 'யூ நீட் டு' சற்று மேல், ஆனாலும் வாடிக்கையாளரின் தேவையை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். 'கைண்ட்லி' சேர்ப்பதாலும் கட்டளை கட்டளையாகவே இருக்கும். எழுவாயை மாற்றுங்கள், அதுதான் வழி. தேவை உண்மையில் யாருடையது? உங்களுடையது. அதை அப்படியே சொல்லுங்கள்: 'டு பிளேஸ் யுவர் ஆர்டர் டுமாரோ, வீ நீட் த ஃபைல்ஸ் பை ஃபோர் பி.எம். டுடே. குட் யூ ஸெண்ட் தெம் பை தென்?' காரணம் முதலில் வந்துவிட்டது, நேரம் தெளிவாக இருக்கிறது, கடைசியில் இருப்பது ஒரு கேள்வி. அவசரம் துளியும் குறையவில்லை. காலக்கெடு உங்கள் கையில் இல்லையென்றால் அந்தப் பொருளையே எழுவாய் ஆக்குங்கள்: 'த ஃபைல்ஸ் ஹேவ் டு ரீச் த பிரின்டர் பை ஃபோர்.' இதில் யாரும் யாரையும் அதட்டவில்லை; கடிகாரம்தான் அதட்டுகிறது.

'ஷுட்' அறிவுரைக்கு உரியது. செய்யாவிட்டால் விதி மீறல் இல்லை, ஆனால் செய்வது நல்லது. மேலதிகாரியிடம் நேராக 'யூ ஷுட்' என்று தொடங்காதீர்கள். 'ஷுட் வீ கால் தெம் ஃபர்ஸ்ட்?' என்று கேள்வியாக்கினால் அதே கருத்து யோசனையாக மாறிவிடும். 'ஆட் டு' (ought to) என்பதும் ஏறக்குறைய இதே பொருள்தான். தார்மீகக் கடமையின் சாயல் சற்றுக் கூடுதல். அந்தச் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் புரியும்: 'கடன்பட்டிருத்தல்' என்ற பொருளுள்ள 'ஓ' (owe) என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம்தான் அது. நம் மொழியிலும் 'கடன்' என்றால் திருப்பித் தர வேண்டிய பணமும் உண்டு, கடமையும் உண்டு. 'மஸ்ட்', 'ஷுட்' போன்ற மோடல் துணைவினைகளில் பின்னால் 'டு' கேட்பது 'ஆட்' என்பதையும் நினைவில் வையுங்கள். 'மஸ்ட் டு கோ', 'ஷுட் டு கோ' இரண்டும் பிழை.

மிக ஆபத்தானது 'ஹேட் பெட்டர்'. 'பெட்டர்' என்ற சொல்லைப் பார்த்து, இது 'ஷுட்' விடப் பணிவானது என்று நம்பிப் பலர் வாடிக்கையாளருக்கே எழுதிவிடுகிறார்கள். 'யூ ஹேட் பெட்டர் பே டுடே' என்றால் 'இன்றைக்கே கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நடப்பதே வேறு' என்று பொருள். செய்யாவிட்டால் கெடுதல் வரும் என்ற எச்சரிக்கை அதில் எப்போதும் உண்டு. நண்பரிடம் 'யூ ஹேட் பெட்டர் டேக் அன் அம்பிரெல்லா' எனலாம், மழையில் நனைவார் என்பதால். 'ஐ ஹேட் பெட்டர் கோ' என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம். அலுவலக மெயிலில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

'சப்போஸ்டு டு' இன்னொரு கண்ணி. 'யூ ஆர் சப்போஸ்டு டு ஸைன் ஹியர்' என்றால் வழக்கம் அல்லது ஏற்பாடு அப்படி, தொனி சாதாரணம். இறந்தகாலத்துக்குப் போனால் குற்றச்சாட்டு ஆகிவிடும். 'யூ வேர் சப்போஸ்டு டு ஸெண்ட் இட் எஸ்டர்டே': 'நேற்றே அனுப்புவதாகத்தானே பேச்சு, அனுப்பவில்லையே!'

அடுத்தது இறந்தகாலம். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. 'மஸ்ட்' என்ற சொல்லுக்கு இறந்தகாலம் கிடையாது. வரலாற்றுப்படி அதுவே ஒரு பழைய இறந்தகால வடிவம்; நிகழ்காலத்துக்கு இடம் பெயர்ந்த பிறகு அதற்கு வேறு இறந்தகாலம் உருவாகவில்லை. 'நேற்று நான் சீக்கிரம் கிளம்ப வேண்டி வந்தது' என்பதற்கு 'ஐ ஹேட் டு லீவ் எர்லி' ஒன்றுதான் வழி. எதிர்காலத்துக்கு 'வில் ஹேவ் டு', உறுதியில்லையென்றால் 'மைட் ஹேவ் டு'. 'வில் மஸ்ட்' என்று எங்கும் கிடையாது. 'ஹேட் டு' என்றால் பொதுவாக அந்த வேலை நடந்துவிட்டது என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். நம் 'போக வேண்டியிருந்தது' அப்படியில்லை. 'போக வேண்டியிருந்தது, ஆனால் போகவில்லை' என்று நாம் தொடர முடியும். நடக்காததைச் சொல்வதானால் 'வாஸ் சப்போஸ்டு டு' பாதுகாப்பானது.

'ஷுட் ஹேவ்', 'மஸ்ட் ஹேவ்' குழப்பத்துக்குக் காரணம் உங்கள் ஆங்கிலம் இல்லை, நம் தமிழ். 'அவர் மருத்துவரிடம் போயிருக்க வேண்டும்.' இந்த வாக்கியத்தை மெல்ல இரண்டு முறை படித்துப் பாருங்கள். போகாமல் விட்டாரே என்ற ஆதங்கமும் இதில் இருக்கிறது. வீட்டில் காணோம், அங்கேதான் போயிருப்பார் என்ற ஊகமும் இருக்கிறது. தமிழில் ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் இரண்டு. ஆதங்கத்துக்கு 'ஹி ஷுட் ஹேவ் கான் டு த டாக்டர்'. ஊகத்துக்கு 'ஹி மஸ்ட் ஹேவ் கான் டு த டாக்டர்'. மனதுக்குள் ஒரு வால் ஒட்டிப் பார்த்தால் பிரிந்துவிடும். 'ஆனால் போகவில்லை' என்று ஒட்டினால் பொருந்துகிறதா? 'ஷுட் ஹேவ்'. 'அதனால்தான் ஆளைக் காணோம்' என்று ஒட்டினால் பொருந்துகிறதா? 'மஸ்ட் ஹேவ்'. இரண்டுக்கும் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் வரும். பேச்சில் 'ஹேவ்' தேய்ந்து 'ஷுடவ்' என்று காதில் விழுவதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'ஷுட் ஆஃப்' (should of) என்று எழுதிவிடுவதுண்டு. அதைப் பார்த்துப் பின்பற்றாதீர்கள்.

ஊகத்தை எதிர்மறையில் சொல்லும்போது வழக்கமாக வருவது 'கான்ட் ஹேவ்'. 'அவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை' என்பது 'ஹி கான்ட் ஹேவ் ஸீன் இட்'. இன்னொரு நுட்பமும் உண்டு: 'ஐ டிடன்ட் ஹேவ் டு பே' என்றால் கட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை, பெரும்பாலும் கட்டவும் இல்லை. 'ஐ நீடன்ட் ஹேவ் பெய்ட்' என்றால் கட்டிவிட்டேன், வீணாக. ரீஃபண்ட் கேட்டு எழுதுகிறவருக்கு இந்த வேறுபாடு பணம் சம்பந்தப்பட்டது.

வடிவப் பிழைகளில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். 'மஸ்ட்' யாரோடு வந்தாலும் மாறாது, கேள்விக்கும் மறுப்புக்கும் 'டூ' கேட்காது. 'ஹேவ் டு' சாதாரண வினை போல நடக்கும்: 'ஹி ஹேஸ் டு கோ', 'டஸ் ஹி ஹேவ் டு கோ?', 'ஹி டஸன்ட் ஹேவ் டு கோ'. 'டஸ்' வந்ததும் 'ஹேஸ்' என்பது 'ஹேவ்' ஆகிவிடுவதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

ஒப்பந்தம், தொழில்நுட்ப ஆவணம் உங்கள் மேசைக்கு வந்தால் மட்டும் இதுவரை சொன்ன தொனிக் கணக்கை ஒதுக்கி வையுங்கள். அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறுத்த எடை உண்டு. ஐ.எஸ்.ஓ. தரநிலைகளில் 'ஷல்' என்றால் கட்டாயத் தேவை, 'ஷுட்' என்றால் பரிந்துரை, 'மே' என்றால் அனுமதி. 'ஷல்' இருக்கும் இடத்தில் 'மஸ்ட்' போடக் கூடாது என்றே அங்கே விதி. இணைய நெறிமுறைகளுக்காக 1997-ல் வெளியான ஆர்.எஃப்.சி. 2119 ஆவணத்திலோ 'மஸ்ட்'டும் 'ஷல்'லும் ஒரே எடை. சட்ட எழுத்தில் காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது: 'ஷல்' பல பொருள் தருகிறது என்பதால், அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007-ல் திருத்தி எழுதியபோது அதை நீக்கிவிட்டு, கட்டாயம் வரும் இடங்களில் 'மஸ்ட்' போட்டார்கள். ஆகவே ஆவணத்தின் தொடக்கத்தில் சொற்களுக்கான வரையறைப் பகுதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒரு 'ஷல்'லையோ 'ஷுட்'டையோ மாற்றுங்கள். நடை அழகுக்காக அங்கே 'ஷல்' என்பதை 'ஷுட்' ஆக்கினால், கட்டாயமான ஒரு நிபந்தனை விருப்பப்பட்டால் செய்யலாம் என்று ஆகிவிடும்.

கடைசியாக, உங்கள் சக ஊழியர். இதைத் தள்ளிப்போடாதீர்கள், அவர் இன்னும் அந்த வாக்கியத்தை 'வரக் கூடாது' என்றுதான் மனதில் வைத்திருக்கிறார். நீளமான விளக்கம் தேவையில்லை. இன்றே இப்படி எழுதி அனுப்புங்கள்: 'ஸாரி அபவுட் மை மெஸேஜ். ஐ யூஸ்ட் த ராங் வர்ட். ஐ மென்ட் யூ டிடன்ட் ஹேவ் டு கம், பிகாஸ் த வொர்க் வாஸ் டன். ஐ ஷுட் ஹேவ் செக்ட் பிஃபோர் ஸெண்டிங் இட்.'